முதுமைக்கு ஒரு வீடு: விலையை எடை போடுவது எப்படி?

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது பழமொழி. இரண்டையும் பார்த்து முடித்த பலர் இன்று மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பில் ஒரு வீடு வாங்குவதுதான் அது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளைகள் படித்தார்கள், வேலை கிடைத்தது, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். ஊரில் பெரிய வீடு இருக்கிறது. அதில் இருப்பவர்கள் இரண்டே பேர். சமையலுக்கு ஆள் கிடைப்பதில்லை. இரவில் நெஞ்சு வலித்தால் டாக்டரிடம் அழைத்துப் போக ஆள் இல்லை. மின்விளக்கு பழுதானாலும் நாற்காலி மேல் ஏறப் பயமாக இருக்கிறது. இந்த நிலையில், “சாப்பாடு, காவல், வைத்திய உதவி எல்லாம் ஒரே இடத்தில்” என்று விளம்பரம் வந்தால் மனம் அங்கே போவது இயல்பு.

போகட்டும். அதில் தவறில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே கையெழுத்தில் கை மாறுகிறது. 30 வயதில் ஒரு வீட்டை விலை தெரியாமல் வாங்கிவிட்டால், மறுபடியும் சம்பாதித்துச் சரிக்கட்டலாம். 65 வயதில் அது முடியாது. ஆகவே விலையை எடை போடத் தெரிந்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

இது முதியோர் இல்லம் அல்ல

முதியோர் இல்லம் வேறு. மூத்த குடிமக்கள் குடியிருப்பு வேறு. முன்னது பெரும்பாலும் தர்ம ஸ்தாபனம். பின்னது வியாபாரம். கட்டடம் கட்டுகிறவர் வீடுகளை விற்கிறார், அல்லது நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிறார். வாங்கியவர்கள் தனித்தனி வீட்டில் தம் விருப்பப்படி வாழ்கிறார்கள். பொதுச் சமையல்கூடம், சாப்பாட்டு மண்டபம், செவிலியர், காவல், துப்புரவு ஆகியவற்றுக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்துகிறார்கள். வாங்குகிறவருக்கு 50 அல்லது 55 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனையும் இருக்கும்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பெரிய அளவில் பரவியது. அங்கே அரிசோனா மாநிலத்தில் ‘சன் சிட்டி’ என்ற முதியவர்களின் ஊர் 1960-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. நம் நாட்டில் இந்தக் குடியிருப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர் கோயம்புத்தூர். மிதமான வெயில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காற்று, பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகள், ரயிலும் விமானமும் உள்ள வசதி — இவை அந்த ஊருக்கு அமைந்த அனுகூலங்கள். வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் இத்தகைய குடியிருப்புகள் எழுந்துள்ளன. சென்னை முதலிய பிற ஊர்களிலும் உண்டு.

வாங்குவது சுவரையா, சேவையையா?

சாதாரண வீடு வாங்குகிறவர் நிலத்தையும் கட்டடத்தையும் வாங்குகிறார். கட்டியவர் மறுநாளே ஊரை விட்டுப் போனாலும் வீடு அப்படியே நிற்கும். மூத்த குடிமக்கள் குடியிருப்பு அப்படிப்பட்டதல்ல. அங்கே அடுப்பு எரியவில்லை என்றால், செவிலி வரவில்லை என்றால், அது வெறும் வீடுதான். அதுவும் ஊருக்கு வெளியே உள்ள சின்ன வீடு!

அதே தெருவில் சாதாரண வீடு குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, இங்கே கூடுதலாக ஏன் கொடுக்கிறார்கள்? சேவைக்காகத்தான். அப்படியானால் விலையை எடை போடும்போதும் சேவையைத்தான் முதலில் எடை போட வேண்டும். அது எத்தனை ஆண்டு நடக்கும்? என்ன செலவில் நடக்கும்? நடக்காவிட்டால் யாரைக் கேட்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் “சதுர அடி என்ன விலை?” என்று மட்டும் கேட்பது, மாட்டின் கறவையைக் கேட்காமல் கொம்பின் அழகைப் பார்த்து விலை பேசுவது போன்றது.

சதுர அடிக் கணக்கு

முதலில் சதுர அடியையே சரியாகப் பார்ப்போர் குறைவு. இரண்டு வீடுகளை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வீடு 900 சதுர அடி. சதுர அடிக்கு 6,000 ரூபாய். விலை 54 லட்சம். இரண்டாவது வீடு 800 சதுர அடி. சதுர அடிக்கு 6,500 ரூபாய். விலை 52 லட்சம். கேட்டவுடன் முதல் வீடுதான் மலிவு என்று தோன்றும்.

ஆனால் அந்த 900 சதுர அடிக்குள் மாடிப்படி, நடைபாதை, லிப்ட், சாப்பாட்டு மண்டபம் எல்லாவற்றிலும் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் புழங்கும் இடம் 630 சதுர அடிதான் என்று வைத்துக்கொண்டால், உண்மை விலை சதுர அடிக்கு 8,571 ரூபாய். இரண்டாவது வீட்டில் புழங்கும் இடம் 640 சதுர அடி என்றால், அதன் விலை 8,125 ரூபாய். மலிவு என்று தோன்றியது மலிவல்ல!

வீட்டுக்குள் புழங்கும் இந்த இடத்துக்குக் ‘கார்ப்பெட் ஏரியா’ என்று பெயர். 2016-ஆம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்குத் திட்டமான விளக்கம் கொடுத்திருக்கிறது. வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர் சேரும். எந்த வீட்டைப் பார்த்தாலும் இந்த அளவைக் கேட்டு வாங்கி, அதைக் கொண்டே விலையை வகுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நிலத்தில் உள்ள பங்கு. இதைப் ‘பிரிபடாத பாகம்’ என்று பத்திரத்தில் எழுதுவார்கள். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், நிலம் தேயாது. பிள்ளைகளுக்கு மிஞ்சப் போவது பெரும்பாலும் இந்த நிலப் பங்குதான். அது எத்தனை சதுர அடி என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

விலைக்கு மேல் விலை

விளம்பரத்தில் 54 லட்சம் என்று இருக்கும். கையை விட்டுப் போவது எவ்வளவு?

கட்டி முடியாத வீடாக இருந்தால் ஜி.எஸ்.டி. உண்டு. 2019 ஏப்ரல் முதல் பொதுவாக நூற்றுக்கு 5 வீதம். சட்டம் சொல்லும் அளவுக்குள், 45 லட்சத்துக்கு மேற்படாத சிறு வீடு என்றால் நூற்றுக்கு 1. கட்டி முடித்ததற்கான சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு இந்த வரி கிடையாது. 54 லட்ச ரூபாய் வீட்டுக்கு இந்த வரி 2 லட்சத்து 70 ஆயிரம்.

பிறகு பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் புது அடுக்குமாடி வீடுகளுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் முறை வந்தது. அதன்படி 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை உள்ள புது வீட்டுக்கு முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 7. 54 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 78 ஆயிரம் ஆகிறது. இதற்கு மேல் சில இடங்களில் பொது நிதிக்கென்றும், உணவுக்கு முன்பணம் என்றும் கேட்பார்கள். அது 3 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 63 லட்சத்து 48 ஆயிரம்!

ஆக, 54 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையில் 63 லட்சம் வேண்டும். வாங்குவதற்கு முன்பே இந்தத் தொகைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கொடுக்காதிருப்பது நல்லது.

மாதக் கட்டணம்தான் பெரிய விலை

வீட்டு விலையை ஒரு முறை கொடுத்தால் தீர்ந்தது. மாதக் கட்டணம் ஆயுள் உள்ளவரை தீராது. ஆனால் பேரம் பேசுகிறவர்கள் விலையில் ஒரு லட்சம் குறைக்க ஒரு மாதம் அலைகிறார்கள். மாதக் கட்டணத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசுவதில்லை.

கணவன், மனைவி இருவருக்கும் சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். ஒரு காசுகூட உயராமல் 20 ஆண்டு இருந்தால் 57 லட்சத்து 60 ஆயிரம். வீட்டு விலைக்கும் மேல்!

உயராமல் இருக்குமா? அரிசி விலை ஏறும். சமையல்காரர் சம்பளம் ஏறும். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் உயர்ந்தால் 20 ஆண்டில் செலுத்தும் தொகை சுமார் 95 லட்சம். 8 வீதம் உயர்ந்தால் சுமார் 1 கோடியே 32 லட்சம். மூன்றே மூன்று சதவீத வித்தியாசம், 37 லட்ச ரூபாய் வித்தியாசமாக வளர்ந்து நிற்கிறது.

இதை மனக்கணக்காகவே போட ஒரு வழி உண்டு. 72 என்ற எண்ணை ஆண்டு உயர்வு வீதத்தால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் கட்டணம் இரண்டு மடங்காக ஆகும் காலம். 8 வீதம் என்றால் 9 ஆண்டு. 6 வீதம் என்றால் 12 ஆண்டு. 65 வயதில் 24,000 ரூபாயில் தொடங்குகிறவர், 8 வீத உயர்வில் 74 வயதில் 48,000 ரூபாயும் 83 வயதில் 96,000 ரூபாயும் கட்ட வேண்டி வரும்.

வருமானமும் அப்படி உயருமா என்பதுதான் கேள்வி. அரசுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அகவிலைப்படி உயரும். தனியார் தொழிலாளர்களின் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் அப்படிப்பட்ட உயர்வு இல்லை. பாங்கியில் போட்ட டெபாசிட் வட்டி ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஆகவே கடந்த 5 ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பில் கட்டணம் எப்படி உயர்ந்தது என்பதைப் பழைய ரசீதுகளைக் கொண்டே பார்க்க வேண்டும். விற்பனையாளரிடம் கேட்பதைவிட, அங்கே குடியிருப்பவரிடம் கேட்பது மேல்.

ஒருவர் மறைந்தால்?

கேட்கக் கசப்பான கேள்விதான். ஆனால் கேட்டே ஆக வேண்டும். கணவனும் மனைவியுமாகக் குடிபோகிறார்கள். ஒரு நாள் ஒருவர் தனியாக நிற்பார். நம் நாட்டில் பெரும்பாலும் அது மனைவியாக இருக்கும். அன்று அந்த அம்மாளின் கணக்கு என்ன?

உதாரணமாக, ஓர் அரசு ஊழியர் கடைசியில் 80,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கியவர். பழைய திட்டத்தில் அவருக்குப் பென்ஷன் 40,000 ரூபாய். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்பப் பென்ஷன் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30; அதாவது 24,000 ரூபாய். அகவிலைப்படி தனி.

மாதக் கட்டணம் 24,000 ரூபாயில், வீட்டுக்கென்று உள்ளது 10,000. ஆளுக்கு 7,000 வீதம் இருவர் சாப்பாட்டுக்கும் சேவைக்கும் 14,000 என்று கொள்ளலாம். ஒருவர் குறைந்தால் 7,000 மட்டுமே குறையும். வீட்டுப் பராமரிப்பு சதுர அடிக் கணக்கு ஆதலால் குறையாது. ஆக 17,000 ரூபாய் கட்ட வேண்டும்.

இருவரும் இருந்தபோது பென்ஷனில் மிஞ்சியது 16,000. இப்போது மிஞ்சுவது 7,000. மருந்து, மின்சாரம், போக்குவரத்து, விசேஷங்களுக்கு மொய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். துணைக்கு ஓர் ஆள் வைக்க நேர்ந்தால் துண்டு விழும். தனியார் ஓய்வூதியத் திட்டத்திலோ விதவைப் பென்ஷன் பொதுவாகப் பாதிதான்.

எனவே ஒரு வீட்டின் விலை தகுமா என்பதை இருவர் வருமானத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. தனியாக நிற்கப் போகிற ஒருவரின் வருமானத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். அந்த வருமானத்தில் கட்டணம் தாங்கும் என்றால் விலை சரி. தாங்காது என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது மலிவல்ல.

இன்னொன்று. கட்டண விவரமெல்லாம் கணவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மனைவியும் உடன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பத்திரத்தில் இருவர் பெயரும் இருப்பது நல்லது. உயில் எழுதி வைப்பதும் நல்லது. இது அவநம்பிக்கை அல்ல, அன்பின் கடமை.

திரும்ப விற்றால் என்ன வரும்?

“வீடு என்றைக்கும் நஷ்டம் தராது” என்பார்கள். சாதாரண வீட்டைச் சின்னஞ்சிறு தம்பதி முதல் பெரியவர் வரை யாரும் வாங்கலாம். மூத்த குடிமக்கள் குடியிருப்பில் வாங்குவோர் கூட்டமே சிறியது. வயது நிபந்தனை உண்டு. பிள்ளைக்கு வீடு சேர்ந்தாலும், 40 வயதில் அவர் அங்கே குடியிருக்க முடியாமல் போகலாம். விற்கிற வரை, பூட்டிய வீட்டுக்கும் மாதக் கட்டணம் கட்டிவர நேரலாம்.

சில ஒப்பந்தங்களில் வேறு கட்டுப்பாடுகளும் இருக்கும். விற்பதற்கு நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். பெயர் மாற்றக் கட்டணம் உண்டு. முதலில் கட்டியவருக்கே விற்க வேண்டும் என்பவை போன்றவை. இவற்றில் ஒவ்வொன்றும் வீட்டின் மதிப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆகவே இந்த விதிகள் இருந்தால், வாங்கும்போதே விலையைக் குறைத்துக் கேட்க நியாயம் உண்டு.

உண்மையான மறுவிற்பனை விலையை அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைச் செலவில்லாமல் பார்க்கலாம். சர்வே எண்ணைக் கொடுத்தால், அந்த இடத்தில் பதிவான கிரயங்களும் பத்திரத்தில் காட்டிய தொகையும் தெரியும். அந்தக் குடியிருப்பில் முன்பு வாங்கியவர் பின்பு என்ன விலைக்கு விற்றார் என்பதை இதிலிருந்து ஓரளவு கண்டுகொள்ளலாம். அரசின் வழிகாட்டி மதிப்பும் அதே இடத்தில் கிடைக்கும். கணினி தெரியாதவர்கள் பேரன், பேத்தியைக் கேட்கலாம். அல்லது சார் பதிவாளர் அலுவலகம் போகலாம்.

அங்கே எத்தனை வீடுகள் விற்பனைக்குக் காத்திருக்கின்றன, எத்தனை மாதமாகக் காத்திருக்கின்றன என்பதையும் விசாரிக்க வேண்டும். புது வீடு விற்கிறவர் சொல்லும் விலை ஆசை விலை. பழைய வீடு விற்ற விலைதான் சந்தை விலை.

வாடகைக்கு இருந்து பார்க்கலாமே!

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பல குடியிருப்புகளில் வாடகைக்கும் வீடு கிடைக்கிறது.

63 லட்ச ரூபாயை வீட்டில் போடாமல், ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வட்டி வரும் இடத்தில் போட்டால், ஆண்டுக்கு 4 லட்சத்து 41 ஆயிரம். மாதம் 36,750 ரூபாய் வரும். அதே வீட்டுக்கு வாடகை 20,000 என்றால், வரி போகவும் கையில் கொஞ்சம் மிஞ்சலாம். பணமும் கையில் இருக்கும். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

வாடகைக்கும் குறை உண்டு. அது உயரும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். வீட்டு விலை ஏறினால் அந்த லாபம் கிடைக்காது. 75 வயதில் வீடு மாறுவது எளிதும் அல்ல. ஆகவே வாடகையே மேல் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் மூன்று மாதமாவது வாடகைக்கு இருந்து பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். சாம்பாரின் ருசியும் நிர்வாகத்தின் குணமும் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

அதுவும் முடியாதவர்கள் மூன்று முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில். ஒரு நாள் மழை பெய்கிறபோது. ஒரு நாள் இரவு. இரவில் செவிலி இருக்கிறாரா? ஆம்புலன்ஸ் வண்டி அங்கேயே நிற்கிறதா, வெளியிலிருந்து வர வேண்டுமா? ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷ தூரம்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி முடித்துவிடக் கூடாது. குடியிருக்கப் போகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்?

நீச்சல் குளம், சினிமாக் கூடம், பளபளக்கும் பளிங்குத் தரை — இவையெல்லாம் விளம்பரத்துக்கு அழகு. பளபளக்கும் தரை முதியவர்களுக்கு ஆபத்து. நீச்சல் குளத்தில் இறங்காதவரும் அதன் பராமரிப்புச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும்.

கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தவை வேறு. வழுக்காத தரை. குளியலறையில் கைப்பிடி. சக்கர நாற்காலி நுழையும் அகலமான கதவு. வாசலில் படிக்குப் பதில் சரிவுப் பாதை. ஸ்ட்ரெச்சர் நுழையும் லிப்ட். மின்சாரம் போனால் உடனே ஓடும் ஜெனரேட்டர். படுக்கை அருகே அவசர மணி. நல்ல குடிநீர். இவற்றோடு இன்னொரு முக்கிய கேள்வி: நடக்க முடியாமல் படுத்துவிட்டால், அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்களா, வேறு இடம் தேடச் சொல்வார்களா? “நடமாடுகிற வரைதான்” என்றால், அந்த வீட்டின் மதிப்பு பாதிதான். மிகவும் தேவைப்படும் நாளில் அது உதவப் போவதில்லை.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 8 வீடுகளுக்கு மேல் கட்டும் புதுத் திட்டம், 2016 சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு, குழுமத்தின் இணையதளத்தில் ஒத்துப் பார்க்க வேண்டும்.

விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் நூற்றுக்கு 10-க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் விதி. வாங்கியவர்களிடம் பெற்ற பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். வீடு ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டடத்தில் குறை தெரிந்தால், கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

கிரயமா, குத்தகையா, திரும்பத் தரும் டெபாசிட்டா என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். கிரயம் என்றால் நிலப் பங்கு உண்டு. பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். குத்தகை என்றால் காலம் முடிந்ததும் வீடு போய்விடும். டெபாசிட் என்றால் எத்தனை நாளில், எவ்வளவு பிடித்துக்கொண்டு திருப்புவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே விலை கொடுப்பது பேதைமை.

சமையல்கூடமும் சாப்பாட்டு மண்டபமும் யாருக்குச் சொந்தம்? வீட்டுக்காரர்களின் சங்கத்துக்கா, கட்டியவருக்கா? கட்டியவருக்கே சொந்தம் என்றால், நாளை சேவை சரியில்லை என்று வேறு சமையல்காரரை வைக்கச் சங்கத்துக்கு வழி இராது. தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி எல்லாவற்றையும் சொந்த வக்கீலிடம் காட்ட வேண்டும். விற்கிறவர் காட்டும் வக்கீலிடம் அல்ல.

அரசு செய்ய வேண்டியது

2016 சட்டம் கட்டடத்துக்குக் காவல் நிற்கிறது. ஆனால் குடிபோன பிறகு நடக்கும் சாப்பாட்டுக்கும் செவிலிக்கும் மாதக் கட்டணத்துக்கும் அதே அளவு காவல் இல்லை. இதை உணர்ந்துதான் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால வீடுகளுக்கென்று மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுகிறவர், சேவை செய்கிறவர், வாங்குகிறவர் ஆகிய மூவரும் சேர்ந்து முத்தரப்பு ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் மாதிரி என்பது மாதிரிதான். அது கட்டளை அல்ல.

மாநில அரசுகள் இதைக் கட்டாய விதியாக்க வேண்டும். என்னென்ன சேவை, என்ன கட்டணம், ஆண்டுக்கு எவ்வளவுக்கு மேல் உயரக் கூடாது, சேவை நின்றால் யார் பொறுப்பு, தனியாக நிற்கும் விதவைக்கு என்ன சலுகை — இவை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கண் மங்கிய வயதில் வாங்குகிறவர்களுக்குப் பொடி எழுத்தில் நிபந்தனை அச்சடிப்பது நியாயமல்ல. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து குடியிருப்போருக்குக் காட்ட வேண்டும். நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு இதனால் நஷ்டம் இல்லை. அவர்கள் பெயர் இன்னும் ஓங்கும்.

நான்கு எண்கள் போதும்

வாங்கப் புறப்படுகிறவர்கள் ஒரு தாளை எடுத்து நான்கு எண்களை எழுதட்டும். ஒன்று, எல்லாச் செலவும் சேர்ந்த விலையை வீட்டுக்குள் புழங்கும் சதுர அடியால் வகுத்த எண். இரண்டு, 20 ஆண்டுக்கான மாதக் கட்டணத்தின் கூட்டுத்தொகை. மூன்று, அதே குடியிருப்பில் பழைய வீடு கடைசியாக விற்ற விலை. நான்கு, ஒருவர் மட்டும் இருக்கும்போது வருமானத்தில் கட்டணம் போக மிஞ்சும் தொகை. பிள்ளைகளையும் உட்கார வைத்து இந்தத் தாளைக் குடும்பத்தோடு பார்க்கட்டும்.

நான்கும் மனத்துக்குச் சரி என்று பட்டால் தாராளமாக வாங்கலாம். நல்ல குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே காலையில் கூடி நடந்து, மாலையில் பேசிச் சிரித்து, கவலையின்றி வாழும் பெரியவர்களும் இருக்கிறார்கள். நான்காவது எண் மட்டும் சரியில்லை என்றால், மற்ற மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். இருவரில் ஒருவர் தனியாகிற நாளிலும் “கட்டணம் கட்ட முடியுமோ?” என்ற பயமில்லாமல் அங்கே சாப்பிட்டுத் தூங்க முடிய வேண்டும். அப்படி முடிகிற வீட்டுக்குத்தான் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.